இல்லறமும் மேற்படிப்பும்

"இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின் எம்.ஏ. எதற்கு?" என்று என்னைக் கேட்காதவர் குறைவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914இல் மணமாகி, இரு மகன்களுக்குத் தாயான பின்னர்தான் 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார் என்பதே என் பதில்.

புவாண்ட்-கிளேரிலிருந்து காலை ரயிலில் மொண்ட்ரியல் நகருக்கு வேலைக்குச் செல்வேன்; மாலையில் கன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் வகுப்பு. கியூபெக் அரசு 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் தொடங்கிய குழந்தைகள் காப்பகத் திட்டம் பல தாய்மாருக்குக் கைகொடுத்தது. ஆனால் காப்பகம் மாலையில் மூடிவிடும். வகுப்புள்ள நாட்களில் சமையலும் குழந்தைகளும் என் கணவர் பொறுப்பு.

தேர்வு வாரத்தில் மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அந்தப் பாடத்தை மறு பருவத்துக்குத் தள்ளிவைத்தேன், படிப்பைக் கைவிடவில்லை.

சகோதரிகளே, வீட்டாரிடம் உதவி கேட்கத் தயங்காதீர்கள். பருவத்துக்கு ஒரு பாடமாவது எடுங்கள்; பட்டம் தாமதமாக வந்தாலும் பட்டம்தான்.