கரை வேர்க்கிறது

ஏற்காட்டில், காபித் தோட்டத்தில், நாங்கள் இருந்த லைன் வீட்டின் பின்கதவைத் திறந்தால் முதலில் தெரிவது கரைதான். 15 அடி உயரத்துக்குப் புல் போர்த்திய மண்மேடு. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பது வெகுநாள் வரை எனக்குத் தெரியாது. அம்மா புழக்கடையில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கும்போது மேலேயிருந்து துடுப்புப் போடும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்கும். வானத்தில் படகு விடுகிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு நாள் தோளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வெறும் தண்ணீர், ஒரு பச்சைப் படகு, நம்மைப் பார்த்ததும் சட்டென்று முங்கிக்கொள்ளும் இரண்டு முக்குளிப்பான்கள். அவ்வளவுதான்.

மொதலாளி வீட்டார் அதை 'லேக்' என்பார்கள். எங்களுக்கு அது தொரைக் குட்டை. சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அவருக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை, ஓடையை மறித்து மண் கொட்டி மிதிக்கவைத்துப் போட்ட கரை அது. காபிக்குத் தண்ணீர் ரொம்ப வேண்டும். கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலுரித்து, கொட்டையின் வழவழப்புப் போக ஊறவைத்துக் கழுவ வேண்டும். அந்த நாட்களில் எங்கள் தலைமுடி வரைக்கும் புளித்த வாடை அடிக்கும். மாசி, பங்குனியில் பூ மழை ஏமாற்றிவிட்டால் குழாய் போட்டு, சுழலும் மூக்கால் செடிமேல் மழை பெய்விக்க வேண்டும். நனைந்த எட்டாம் நாளோ பத்தாம் நாளோ காடே ஒரே இரவில் வெள்ளையாகி, மல்லிகைக்குத் தங்கச்சி போல ஒரு மணம் வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளும். சேலத்து மொதலாளி கைக்குத் தோட்டம் வந்த பிறகு, குட்டைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. சனிக்கிழமை விருந்தாளிகளோடு வந்து படகு விடுவார்; சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தூண்டில் போடுவார். அதற்காகவே கண்ணாடிக் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார்.

கரையைப் பார்த்துக்கொண்டவர் மடைத் தாத்தா. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும், நாங்கள் கேட்டதில்லை. முழங்கால் வரை மடித்த வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் மடைத் திருகின் சாவி. காலையில் கருப்பட்டிக் காபியைக் குடித்துவிட்டு வந்தாரென்றால் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலையைக் குனிந்தபடி நடப்பார், காசைத் தொலைத்தவர் மாதிரி. பூவரசோ கொய்யாவோ விரல் நீளம் முளைத்திருந்தாலும் வேரோடு பிடுங்கிவிடுவார். "புல்லு கரைக்குப் போர்வ, கண்ணு. மரம் கரைக்குக் கடப்பாரை. வேரு உள்ள போயி வழி பண்ணும், மரம் செத்தா அந்த வழியில தண்ணி போவும்." நண்டு வளை, எலி வளை எது கண்ணில் பட்டாலும் களிமண்ணைப் பிசைந்து அடைத்து, திமிசால் தொம் தொம்மென்று இடிப்பார். எங்கள் வீட்டுத் தட்டுகள் அந்தச் சத்தத்துக்கு அலமாரியில் மெல்ல நடுங்கும்.

கரையின் அடிவாரத்தில், எங்கள் புழக்கடையிலிருந்து முப்பது தப்படியில், ஓர் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே கசிவதை ஒரு கல் வாய்க்காலில் சேர்த்து மூங்கில் குழாய் வழியாக விழ விட்டிருந்தார் தாத்தா. தினமும் அதன் கீழே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவார். கோடையில் அறுபது எண்ணினால் நிறையும்; குட்டை நிறைந்திருக்கும் ஐப்பசியில் இருபதுக்குள் நிறையும். பிறகு பாட்டிலைச் சூரியனுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நானும் பக்கத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வேன், தவறான கண்ணை.

"தண்ணி தெளிவா இருந்தா கரை வேர்க்குதுன்னு அர்த்தம். மண்ணுன்னா வேர்க்கத்தான் செய்யும். கலங்கி வந்துச்சுன்னா கரை கரையுதுன்னு அர்த்தம். அப்புறம் நிக்கக் கூடாது, ஓடணும்."

தாத்தாவுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: கலிங்கில் அடித்திருந்த கம்பி வலை. மழைக்காலத்தில் மிஞ்சுகிற தண்ணீர் போகும் வழி அது. மீன் அதோடு போய்விடக் கூடாதென்று மொதலாளி அடிக்கச் சொன்னது. ஒவ்வொரு மழைக்கும் சில்வர் ஓக் இலையும் சுள்ளியும் வந்து அப்பிக்கொள்ள, தாத்தா கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் நடுராத்திரியில் வழித்துவிடுவார். "மீனுக்குப் பூட்டுப் போட்டுட்டுத் தண்ணிக்கும் போட்டுட்டாரு" என்று முனகுவார். முப்பது வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிப் படித்தபோது அந்த முனகல் காதில் கேட்டது. அதுவும் மண் கரைதான், தனியார் சொத்துதான். கார்னகி போன்ற கோடீஸ்வரர்கள் உறுப்பினராக இருந்த கிளப் ஒன்று படகு விடவும் மீன் பிடிக்கவும் வைத்திருந்தது. அடிமடைக் குழாய்களை முந்தைய உடைமைக்காரர் கழற்றி விற்றுவிட்டிருந்தார். வண்டி போக வசதியாகக் கரையின் தலையைத் தாழ்த்தியிருந்தார்கள். மீன் போகாமலிருக்கக் கலிங்கில் வலை. 1889 மே 31 அன்று பெருமழையில் குப்பை வந்து வலையை அடைக்க, தண்ணீர் கரைமேல் ஏறி, கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் போனார்கள். எங்கள் குட்டை அந்த ஏரிக்கு ஒரு டம்ளர்கூட இருக்காது. ஆனால் கீழே எட்டு வீடுகள் இருந்தன. அதில் ஒன்று எங்களுடையது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருந்தவன், அம்மா களத்துக்குப் போனதும் குணமாகி, நண்டு பிடிக்கக் கிளம்பினேன். ஈரமாக இருக்கும் இடத்தில்தானே நண்டு இருக்கும்? கசிவுக்குச் சற்று மேலே ஒரு குச்சியால் குடைய ஆரம்பித்தேன். செம்மண் குழைந்து வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தபோது தாத்தாவின் இருமல் கேட்டது. காபிச் செடிக்குப் பின்னால் ஒளிந்தேன். பாட்டில் நிறைந்தது. சூரியனுக்கு நேரே தூக்கினார். உள்ளே சாயத் தண்ணீர் போலச் சிவப்பு.

அவர் கத்தவில்லை. ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. துண்டு விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் எட்டு வீடும் காலியாகி மேலே பல்பர் கொட்டகைக்குப் போனது. அம்மா ரேஷன் கார்டையும் ஒரு கோழியையும் எடுத்துக்கொண்டாள். அன்றிரவு எல்லோரும் சாக்கு விரித்து வரிசையாகப் படுத்தோம். பிள்ளைகளுக்குத் திருவிழா, எனக்கு மட்டும் நிஜமாகவே வயிற்றுவலி. சொல்லிவிடலாம் என்று அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் முகம் அதற்குத் தோதாக இருக்காது. கீழே அடிவாரத்தில் தாத்தாவின் அரிக்கேன் விளக்கு அசைந்துகொண்டிருந்தது. மடையை அவர் ஒரேயடியாகத் திறக்கவில்லை, கால் திருகுதான். "சட்டுனு எறக்குனா நனைஞ்ச மண்ணு உள்பக்கமாச் சரிஞ்சுரும், ரைட்டரய்யா" என்று அப்பாவிடம் சொன்னார். ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீர் ஓடையில் போகும் சத்தம்.

சனிக்கிழமை விருந்தாளிகளோடு மொதலாளி வந்தபோது குட்டை மூன்றடி இறங்கியிருந்தது. பச்சைப் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. கரையடியில் தாத்தா பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்: முதலாவது சிவப்பு, மற்றதெல்லாம் கண்ணாடி. வந்தவர்கள் முன்னாலேயே மொதலாளி திட்டித் தீர்த்தார். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கலங்கல் வந்துச்சுங்க, அதான்" என்று மட்டும் சொன்னார்.

ஓரத்துச் சேற்றுப் பள்ளங்களில் மாட்டிக்கொண்ட கெண்டைகளை லைன் வீட்டுக்காரர்கள் கூடையில் அள்ளினார்கள். சாயந்திரம் எட்டு அடுப்பிலும் மீன் குழம்பு. புளி கொதிக்கும் வாசனை கரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். அம்மா தாத்தாவைக் கூப்பிட்டு எங்கள் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு முள்ளைப் பொறுமையாக உறிஞ்சி, தட்டோரத்தில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"நண்டு கெடச்சுதா, கண்ணு?"

எனக்குக் காது சுட்டது. "கெடைக்கல, தாத்தா" என்றேன்.

"எப்புடிக் கெடைக்கும்? அந்தக் கரையில ஒரு நண்டு இருந்தா நான் விட்டு வச்சிருப்பனா?" என்றவர், இன்னும் கொஞ்சம் குழம்புக்காகத் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார்.