ஒரு போத்தலின் பெறுமதி

மதுவைப் பற்றி எழுதுவது ஒரு தமிழ்ச் சங்க மலருக்குப் பொருத்தமானதுதானா என்ற தயக்கம் இக்கட்டுரையைத் தொடங்குகையில் எனக்கு இருந்தது. மது அருந்துவதைப் போற்றுவதோ நியாயப்படுத்துவதோ என் நோக்கமன்று. ஒரு பொருளின் தரத்தை நாம் எதனைக் கொண்டு அளக்கின்றோம் என்ற வினாவை என்னுள் எழுப்பியது ஒரு போத்தல் விஸ்கியாக அமைந்துவிட்டது. ஆகவே அதனைப் பற்றியே எழுத வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் வாழும் என் தாய்மாமன் சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். வரும்போது பேர்பன் விஸ்கி இரண்டு போத்தல்கள் கொண்டுவந்தார். ஒன்றின் விலை 30 டொலர். மற்றையதன் விலை 90 டொலர். விலை கூடியது பல பீப்பாக்களின் மதுவைத் தேர்ந்து கலந்த கலவை. விலையை முதலிற் சொல்லிவிட்டுத்தான் அதில் ஒரு சிறிதளவை மாமா எனக்கு ஊற்றித் தந்தார். வனிலாவின் மணம், கருகிய சீனியின் இனிப்பு, உலர்ந்த பழத்தின் சாயல், நெடுநேரம் நின்று மறையும் சூடு என அவர் ஒவ்வொன்றாய்க் கூறக் கூற, அவை அனைத்தையும் என் நாவும் கண்டுகொண்டது. “அருமை” என்றேன். அவ்வாறு சொல்லியது என் நாவா, 90 டொலரா என்று அப்போது நான் சிந்திக்கவில்லை.

அன்றிரவு பேர்பனைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கச் சட்டத்தின்படி, பேர்பன் என்ற பெயரைத் தாங்கும் விஸ்கி குறைந்தது 51 வீதம் சோளம் கொண்ட தானியக் கலவையிலிருந்து வடிக்கப்படல் வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலனில் அது வைக்கப்படல் வேண்டும். போத்தலில் அடைக்கும்போது அதன் மதுசாரம் 40 வீதத்திற்குக் குறையலாகாது. குறைந்தது 2 ஆண்டுகளேனும் முதிர்ந்ததே ‘நேர் பேர்பன்’ எனப்படும். பேர்பன் அமெரிக்காவுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி என அந்நாட்டுக் காங்கிரஸ் 1964 ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது.

கலவை என்ற சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. ‘கலப்புப் பேர்பன்’ என எழுதப்பட்டிருந்தால் அதில் 51 வீதம் நேர் பேர்பன் இருந்தாற் போதும். எஞ்சியதிற் பெரும்பகுதி சுவையும் மணமும் அற்ற வெறும் மதுசாரமாகவே இருக்கலாம். ‘நேர் பேர்பன்களின் கலவை’ என்றால் அவ்வாறன்று. கலந்த மது அனைத்தும் நேர் பேர்பனாகவே இருத்தல் வேண்டும். ஒரே சொல், இரு வேறு பொருள்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வணிகர் சிலர் வெறும் மதுசாரத்துக்கு நிறமும் சுவையும் ஊட்டி விஸ்கி என விற்றனர். இவற்றினின்றும் நல்ல விஸ்கியைப் பிரித்தறியவே 1897 ஆம் ஆண்டில் அரச மேற்பார்வையில் முதிரவைத்து அடைப்பதற்கான சட்டம் பிறந்தது. கலவை என்ற சொல்லின் மீது அங்கு பலருக்கு இன்றும் ஐயம் இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் எனலாம்.

மாமா கொண்டுவந்தது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. களஞ்சியத்தின் மேல்மாடியில் வெப்பத்திற் கிடந்த பீப்பாவும் கீழே குளிர்ச்சியிற் கிடந்த பீப்பாவும் ஒரே சுவையைத் தருவதில்லை. ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியதில் மரத்தின் சுவை ஏறிக்கொண்டே செல்லும். மிக முதிர்ந்ததில் மணம் மிகுந்தாலும் மரக்கசப்பும் மிகும். இளையதில் தானியத்தின் துடிப்பு நிற்கும். இவற்றை அளவறிந்து சேர்ப்பதே கலப்பவரின் கலை.

இவ்வறிவோடு மறுநாள் மாமாவின் சோதனைக்கு உட்பட்டேன். இரு கிண்ணங்களில் இரண்டையும் ஊற்றி, எது எதுவெனச் சொல்லாமல் என் முன் வைத்தார். நான் சற்றும் தயங்காது 30 டொலர் விஸ்கியை விலை கூடியதெனத் தேர்ந்தெடுத்தேன்! மாமா சிரித்தார். கலவையின் மதுசாரம் 58 வீதம். மலிவானதில் 45 வீதம். தொண்டையை எரித்ததைத் தரக்குறைவு என நான் எண்ணிவிட்டேன். அவர் கலவையிற் சில துளி நீர் சேர்த்துத் தந்தபோதுதான் எரிவு அடங்கி மணம் மேலெழுந்தது.

இவ்வளவையும் திண்ணையின் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என் அம்மாவின் தந்தை. வீட்டில் எல்லோரும் அவரை அப்பு என்றே அழைப்போம். எண்பது வயதைக் கடந்தவர். “இஞ்சை கொண்டா மோனை” என்றார். கிண்ணத்தை அவர் வாயில் வைக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, இரு கைகளையும் தேய்த்து முகர்ந்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் முகர்ந்தார். கென்ரக்கி வடிசாலைகளிலும் இவ்வாறு தேய்த்து முகர்வதுண்டு என்று மாமா வியப்போடு கூறினார். அதன் பின்னரே அப்பு ஒரு மிடறு குடித்தார்.

“இதிலை பழசும் இருக்குது, இளசும் இருக்குது. பழசு மூக்கிலை நிக்குது, இளசு தொண்டையிலை நிக்குது.”

மாமா போத்தலின் பின்புறத்தை வாசித்தார். 6, 10, 15 ஆண்டுகள் முதிர்ந்த மதுக்களின் கலவை என்று அங்கு எழுதப்பட்டிருந்தது. அப்பு மற்றையதையும் சுவைத்தார். பிறகு விலைகளைக் கேட்டார். ஒன்று ஏறக்குறைய 9,000 ரூபா, மற்றையது ஏறக்குறைய 27,000 ரூபா என்றார் மாமா.

“வித்தியாசம் இருக்குது தம்பி. ஆனால் மூண்டு மடங்கு வித்தியாசம் இல்லை.”

அந்தப் போத்தலைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிக நேர்மையான மதிப்பீடு அதுவே. நீண்ட காலம் காத்திருந்தமைக்கும், ஆவியாகிப் போனமைக்கும், தேர்ந்து கலந்தமைக்கும் உரிய விலை அப்போத்தலில் உண்டு; அதனை அப்பு மறுக்கவில்லை. அதற்கு மேலுள்ளது கண்ணாடிக்கும் பெயருக்கும் அரிதென்ற எண்ணத்துக்கும் நாம் கொடுப்பது.

அப்புவுக்கு இத்திறன் எங்கிருந்து வந்தது? இதனை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் போலும். அவர் முழங்கால் தளரும்வரை பனை ஏறிக் கள் இறக்கியவர். பாளை சீவி முட்டி கட்டியவர். ஒவ்வொரு மரத்தின் கள்ளும் ஒவ்வொரு விதம் என்பதும், எம்மரத்தினது விரைவிற் புளிக்கும் என்பதும், எதனோடு எதனைச் சேர்க்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் தவறணையில் எல்லாக் கள்ளுக்கும் ஒரே அளவு, ஒரே விலை. கென்ரக்கியில் பீப்பாக்களைத் தேர்ந்து கலப்பவரின் பெயரைப் போத்தலில் அச்சிடுவதும் உண்டாம். அப்புவின் நாவை எவரும் எங்கும் குறித்து வைக்கவில்லை.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. கள் இறக்கும் தொழிலைச் சாதியோடு சேர்த்து இழித்துரைக்கும் வழக்கம் எம் சமூகத்தினின்றும் இன்னும் முற்றாக அகலவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில் விடுதி நண்பர்கள் குடும்பத்தைப் பற்றி வினவியபோது, “தாத்தா தோட்டம் செய்தவர்” என்று சொன்னேன். மூன்றாண்டுகளாக அப்பொய்யைத் திருத்தவுமில்லை. விலைச்சீட்டைப் பார்த்து விஸ்கியைப் புகழ்ந்த அதே நான்தான், அப்புவின் தொழிலுக்குப் பிறர் இட்ட விலையை ஏற்றுக்கொண்டு அதனை மறைத்தும் வந்தேன்.

மாமா திரும்பிச் சென்றுவிட்டார். கலவையில் அரைப்பங்கு இன்னமும் அலுமாரியில் இருக்கின்றது. அப்பு அதன்பின் அதனைக் கேட்கவில்லை. இம்மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டு செல்வேன். அப்புவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டமையால் நானே வாசித்துக் காட்டவேண்டும். தோட்டம் செய்தவர் என்று நான் சொன்ன இடத்தையும் விடாமல் வாசிப்பேன்.