பத்துப் பொருத்தமும் பக்கா... ஆனா ஸ்டார்ட் ஆகலை!

ராத்திரி 1 மணி. தரையில விரிச்ச நியூஸ் பேப்பர் மேல, ஆபரேஷன் தியேட்டர் பேஷன்ட் மாதிரி என் கம்ப்யூட்டர். ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில டார்ச் அடிக்கிற செல்போன். 'இன்னும் அஞ்சே நிமிஷம்... நம்ம ரேஞ்சே வேற!'னு மனசுக்குள்ள பேக்ரவுண்டு மியூசிக் வேற. அஞ்சு நிமிஷம் கழிச்சு... சத்தியமா சொல்றேன், அழுகை வந்துருச்சு.

ஃப்ளாஷ்பேக்குக்கு வாங்க.

ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்போ புது கம்ப்யூட்டர் வாங்க வீட்டுல வசதி இல்லை. அப்பாவும் நானும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். ஆபீஸ்கள்ல நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டு, மொத்தமாக் கழிச்சுக் கட்டின டெஸ்க்டாப்புகளைத் துடைச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க. 'கம்பெனி மெஷின் தம்பி, அடிச்சாலும் சாகாது'ன்னார் கடைக்காரர். 9,000 ரூபாய். உள்ளே இன்டெல் ஐ5-6500 ப்ராசஸர். அப்பா அந்தப் பெட்டியை பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தார். குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி!

அதுலதான் நான் புரோகிராம் எழுதினேன். ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சி அதுலதான் வீடியோ பார்த்து பயாலஜி படிச்சா. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிடலாம்னு பார்த்தா, 'உன் ப்ராசஸர் செல்லாது போ'னு சொல்லிடுச்சு. இன்டெல்ல ஒருசில மாடல் தவிர, 8-ம் தலைமுறையிலேர்ந்துதான் அதுக்கு அனுமதி. என்னோடது 6-ம் தலைமுறை. 6500-ல முதல்ல நிக்குதே 6, அதுதான் தலைமுறை நம்பர்! போதாக்குறைக்கு மினி புராஜெக்ட் சிமுலேஷனை ஓட விட்டா, கடைக்குப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் முடியாது.

அப்போதான் கிளாஸ்மேட் ஒருத்தன் தரகர் அவதாரம் எடுத்தான்.

'மச்சி, ஐ7-8700 போட்டுரு. உன் போர்டுல இருக்குறது எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட். இதுவும் எல்.ஜி.ஏ. 1151. உன்னோடதும் 65 வாட், இதுவும் 65 வாட். உனக்கு இப்போ 4 கோர், இதுல 6. எட்டாம் தலைமுறை வேற. பத்துப் பொருத்தமும் பக்காடா!'

கையில 8,000 ரூபாய் இருந்துச்சு. பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு அஞ்சு மாசம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. அம்மாவோட தையல் மெஷின் மேல புத்தகத்தை வெச்சுப் படிக்கிற தங்கச்சிக்கு அதுல டேபிள் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். 'டேபிள் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, செகண்ட் ஹேண்ட்ல அந்த ப்ராசஸரை வாங்கிட்டேன். மொத்தக் காசும் காலி.

நம்ம ஊர்ல முழுப் பெட்டியையும் 'சி.பி.யூ.'னு சொல்லிடுறோம். நிஜ சி.பி.யூ. தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு சதுரம். பழசைக் கழட்டிட்டுப் புதுசை வெச்சேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு. லிவரை அழுத்தினேன். தெர்மல் பேஸ்ட் தடவினேன். பவர் பட்டனைத் தட்டினேன்.

ஃபேன் சுத்துச்சு. திரை கறுப்பு. பவர் லைட் மட்டும் ஆரஞ்சு கலர்ல மினுக் மினுக்னு கண்ணடிச்சது. பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அதே கண்ணடி.

'சரி, பழசையே போட்டுடுவோம்'னு பதற்றத்துல ஐ5-ஐ எடுத்தேன். கை நடுங்கி, சாக்கெட் மேல சாய்வா விழுந்துச்சு. இந்த வகைச் சாக்கெட்ல ஊசிகள் ப்ராசஸர்ல இருக்காது, மதர்போர்டுல இருக்கும். தலைமுடி கனத்துல, மொத்தம் 1151. டார்ச் அடிச்சுப் பார்த்தா, அதுல ரெண்டு வளைஞ்சிருந்துச்சு. இப்போ புதுசும் ஓடாது, பழசும் ஓடாது. தங்கச்சிக்கு நாலு நாள்ல மாடல் எக்ஸாம். அவ நோட்ஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள.

காலையில அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு தயாரா நின்னேன். 'சரி பண்ண எவ்வளவு ஆகும்?'னு மட்டும் கேட்டார். அதுக்குத் திட்டியே இருக்கலாம். அரை நாள் லீவு போட்டுட்டு வந்தார். மறுபடி அதே பஸ், அதே பெட்டி, அவர் மடியில.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மாடிப்படிக்குக் கீழே சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர். பூதக்கண்ணாடியும் ஊசியுமா ஒரு மணி நேரம் தலை நிமிரலை. ரெண்டு ஊசியையும் நிமிர்த்திட்டு, பழைய ஐ5-ஐ வெச்சார். திரை வந்துச்சு. எனக்கு உசுரும் வந்துச்சு. 700 ரூபாய்.

'அண்ணே, சாக்கெட் ஒண்ணுதானே... ஏன் ஓடலை?'

'பூட்டுக்குள்ள சாவி போச்சுல்ல? திரும்பிச்சா? அதேதான் தம்பி!'

அவர் சொன்னதையும், அப்புறம் நான் உட்கார்ந்து படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன், கேட்டுக்கங்க.

2017 அக்டோபர்ல 8-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களை இன்டெல் இறக்குனப்போ, சாக்கெட்டோட வடிவத்தை மாத்தலை. ஆனா, எந்தப் புள்ளிக்கு என்ன வேலைங்கிறதை மாத்திட்டாங்க. கோர் அதிகமானதால, கரன்ட் உள்ளே வர 18 புள்ளிகளும், கிரவுண்டுக்கு 14 புள்ளிகளும் கூடுதலா ஒதுக்கினாங்க. அதனால 6, 7-ம் தலைமுறைக்கு வந்த 100, 200 சீரிஸ் சிப்செட் போர்டுகள்ல 8-ம் தலைமுறைக்கு அதிகாரபூர்வ சப்போர்ட் கிடையாது. 300 சீரிஸ் போர்டு வேணும். பயாஸை நோண்டி ஓட வெச்ச கில்லாடிகளும் இருக்காங்க. ஆனா, ஆபீஸ் மெஷின்கள் பலதுல கம்பெனி கையெழுத்து இல்லாத பயாஸை போர்டே ஏத்துக்காது.

இந்த பயாஸ்தான் ரெண்டாவது வில்லன். ப்ராசஸரை அடையாளம் தெரிஞ்சுக்கத் தேவையான மைக்ரோகோடு அதுக்குள்ளதான் இருக்கும். கடையில தனியா விக்கிற மதர்போர்டுக்கு, பின்னாடி வர்ற ப்ராசஸர்களுக்கும் சேர்த்து பயாஸ் அப்டேட் வர்றது சகஜம். ஆபீஸ் டெஸ்க்டாப்பில், அந்த மாடல் எந்தெந்த ப்ராசஸரோட விற்பனைக்கு வந்துச்சோ, பெரும்பாலும் அதோட சரி.

'அப்போ மதர்போர்டையே மாத்திடலாமாண்ணே?'

அண்ணன் சிரிச்சுட்டார். 'உன் பவர் சப்ளை வயரைப் பாரு' என்றார். வழக்கமான போர்டுக்கு 24 பின் கனெக்டர் வேணும். என் பெட்டியில அந்தக் கம்பெனியோட சொந்த டிசைன்ல ஒரு குட்டி கனெக்டர். பவர் பட்டன் வயரும் அவங்க ஸ்டைல். போர்டு உட்கார்ற இடம், பின்பக்க ஓட்டை எல்லாமே அந்தப் போர்டுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை. போர்டை மாத்தினா பவர் சப்ளையை மாத்தணும், அதை மாத்தினா கேபினெட்டை மாத்தணும்... கடைசியில பழசுல மிஞ்சுறது மவுஸ் மட்டும்தான்!

கோபமா வந்துச்சு. 'ஏன்ணே இப்படிப் பண்றாங்க?'

'இதை வாங்கினது நீயா? ஒரு ஆபீஸ். ஒரே மாதிரி 500 வாங்குவான். நாலஞ்சு வருஷம் ரிப்பேர் வராம ஓடணும், வந்தா டக்குனு கழட்டி மாட்டணும். அப்புறம் 500-ஐயும் ஒண்ணா மாத்திடுவான். ப்ராசஸர் மட்டும் மாத்தணும்னு அவன் என்னைக்கு நினைச்சான்?'

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தப் பெட்டியைச் செஞ்சவங்க மனசுல நான் இல்லவே இல்லை. ரெண்டாவது ஆளா வர்ற நாமதான் அதோட எல்லை எதுவரைக்கும்னு தேடிப் பார்த்திருக்கணும். கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மேனுவல்ல என் மாடலுக்கான ப்ராசஸர் லிஸ்ட் தெள்ளத் தெளிவா இருந்துச்சு. தேடி எடுக்க 2 நிமிஷம் ஆச்சு. அந்த 2 நிமிஷத்தை நான் அஞ்சு மாச டியூஷன் காசுக்கு அப்புறம்தான் செலவழிச்சேன்.

இது இன்டெல் கதை மட்டும் இல்லை. 2020 மே மாசம், அடுத்து வரப்போற ஜென் 3 ப்ராசஸர்கள் 500 சீரிஸ் சிப்செட்ல மட்டும்தான் ஓடும்னு ஏ.எம்.டி. சொல்லிச்சு. சாக்கெட் அதே ஏ.எம்.4! வாங்கினவங்க போட்ட கூச்சல்ல, அதே மாசம் 400 சீரிஸுக்கும் தர்றோம்னு இறங்கி வந்தாங்க. 2022-ல 300 சீரிஸுக்கும் வழி பிறந்துச்சு. ஆனா, அதெல்லாம் பயாஸ் அப்டேட் வந்தாத்தான். அப்டேட் தர்றதும் தராததும் போர்டு பண்ணின கம்பெனி கையில!

நீங்களும் என்னை மாதிரி ஆபீஸ் பெட்டி வெச்சிருக்கீங்களா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி...

* முழு மாடல் பேரையும் குறிச்சுக்கங்க. ஒரே பேர்ல டவர், சின்ன கேபினெட், மைக்ரோனு மூணு சைஸ் வரும். மூணுக்கும் லிஸ்ட் வேற வேறயா இருக்கலாம்.

* சாக்கெட் மட்டும் பத்தாது. சிப்செட் எது, பயாஸ் எந்த வெர்ஷன்னு பாருங்க. 100 சீரிஸ் போர்டுல 7-ம் தலைமுறை ஓடவே பயாஸ் அப்டேட் தேவை. அதைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பண்ணிடணும்.

* வாட் கணக்கு முக்கியம். லேப்டாப் மாதிரி அடாப்டர்ல ஓடுற மைக்ரோ பெட்டிகள் பலதும் 35 வாட் ப்ராசஸருக்குச் செஞ்சது. ஐ5-6500டி மாதிரி கடைசியில 'டி' இருக்கும். அதுல 65 வாட்டைச் சொருகினா கரன்ட்டும் பத்தாது, சூடும் தணியாது.

* செகண்ட் ஹேண்ட் ஏ.எம்.டி. ப்ராசஸர்னா கூடுதல் உஷார். பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்டுங்கிற வசதியால ஒரு கம்பெனி போர்டோட பூட்டப்பட்டதா இருந்தா, வேற கம்பெனி போர்டுல அது ஸ்டார்ட்டே ஆகாது.

* கழட்டுறது பகல்ல, நிதானமா. ராத்திரி 1 மணிக்கு வேண்டாம், ப்ளீஸ்!

ஐ7-8700-ஐ 5,500-க்கு வித்தேன். 2,500 ரூபாய் நஷ்டம். 'உன் லிஸ்ட்ல ஐ7-6700 இருக்கு. அதே 65 வாட், தாராளமாப் போடலாம். ஆனா, விண்டோஸ் 11 கதவு அப்பவும் திறக்காது'ன்னார் அண்ணன். யோசிச்சேன். வேண்டாம்னுட்டேன். லினக்ஸ் போட்டு, அப்டேட் கவலையைத் தீர்த்தாச்சு. சிமுலேஷனை காலேஜ் லேப்ல ஓட்டிக்கிறேன்.

சர்வீஸ் காசு போக மீதி 4,800. அதுல முதல் வேலையா டேபிள் வாங்கினேன். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல அந்த மூலையை டேப் வெச்சு ரெண்டு தடவை அளந்தேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா.

அந்த டேபிள் மேலதான் இப்போ கம்ப்யூட்டர் இருக்கு. பவர் பட்டனைத் தட்டினதும், திரை வர்ற வரைக்கும் ரெண்டு மூணு செகண்ட் எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்குது. ஈவினிங் பேப்பரை மடிச்சுக்கிட்டே அப்பா கேட்பார்: 'வந்துருச்சா?'

வந்துருச்சுப்பா!