பேய்க்கு ஒரு கார்... நீளம் 22 சென்டிமீட்டர்!

பேய்க்கு எதுக்கு சார் கார், அதுதான் காத்துலயே போகுமே என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் அக்டோபர் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். வீட்டு வாசலில் எலும்புக்கூடு ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மரத்துக்கு மரம் வெள்ளைத் துணி ஆடுகிறது. புல்வெளியில் தெர்மகோல் கல்லறைகள். நம்ம ஊரில் புது வீடு கட்டினால் ஒரே ஒரு திருஷ்டி பொம்மை. இங்கே வாடகை வீட்டுக்கே ஒரு முழு மயானம்! 31-ம் தேதி ஹாலோவீன். அதுவரை இப்படித்தான்.

என் கல்லூரித் தோழன் ஒருவன் (என்னோடு பி.காம். முடித்தவன், படித்த படிப்புக்கே வேலை பார்க்கிறவன்) அங்கே ஒரு ஆடிட்டிங் கம்பெனியில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை, "பேய் கார் போட்டி ஒண்ணு நடக்குதாம், போவோம்" என்று நான்தான் அவனைக் கிளப்பினேன். போகும் வழியில் முதலில் நார்த் ஹாலிவுட், ரிவர்சைடு டிரைவ்.

சாதாரணத் தெருதான். ஆனால் ஜார்ஜ் பாரிஸின் கார் பட்டறை இந்தத் தெருவில்தான் இருந்தது. 2015-ல் காலமான மனிதர். 1966-ல் வந்த பேட்மேன் டி.வி. தொடரின் பேட்மொபைல் அவர் தந்ததுதான். அதற்கு முன்பே, 1964-ல் 'தி மன்ஸ்டர்ஸ்' என்ற காமெடித் தொடருக்காக ஒரு வண்டி செய்தார். குடும்பத் தலைவர் ஹெர்மனுக்கு ஃபிராங்கென்ஸ்டைன் முகம். மாமனார் ரத்தக்காட்டேரி. அந்த வீட்டுக்கு அம்பாசிடரா நிறுத்த முடியும்? டாம் டேனியல் என்ற டிசைனர் படம் போட்டுக் கொடுக்க, மூன்று பழைய ஃபோர்டு மாடல் டி உடல்களை ஒன்றாகச் சேர்த்து, 18 அடி நீளத்தில் 'மன்ஸ்டர் கோச்' தயாரானது.

1965-ல் ஒரு எபிசோடில் ஹெர்மன் அந்தக் காரைப் பந்தயத்தில் தோற்றுவிட, மாமனார் அதை மீட்க இன்னொரு வண்டி செய்கிறார். பெயர் 'டிராக்-யு-லா'. உடம்பு சவப்பெட்டி. புகைக்குழாய்கள் ஆர்கன் வாத்தியத்தின் குழல்கள். இதற்குச் சவப்பெட்டி வாங்கப் போனபோது, 'இறப்புச் சான்றிதழ் எங்கே?' என்று கேட்டு விற்க மறுத்தார்களாம். கடைசியில் பணத்தை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததாகப் பட்டறைக்காரர்கள் சொன்ன கதை உண்டு. அரசு அலுவலகத்துக்கு அலைந்த எவனுக்கும் இது நம்ப முடியாத கதை இல்லை.

இந்த இரண்டு வண்டிகளையும் ஏ.எம்.டி. கம்பெனி உடனே பிளாஸ்டிக் கிட் ஆக்கி விற்றது. அளவு 1/25. அதாவது நிஜ வண்டியில் 25 அங்குலம் என்றால் பொம்மையில் ஒரு அங்குலம். 18 அடி கோச், 22 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக அமெரிக்க ஆண்கள் பசை நாற்றத்தோடு இதை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போட்டி நடந்தது அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் உள்ள ஒரு சமுதாயக் கூடத்தில். நம்ம கல்யாண மண்டபம் போலத்தான், சாம்பார் வாசனை மட்டும் கிடையாது. பேய் வண்டிகளுக்கென்று தனி மேஜை. மண்டை ஓடு பொருத்திய லாரி, வௌவால் இறக்கை முளைத்த வேன், சிலந்தி ஓட்டும் டிராக்டர்.

"இதுக்காடா ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்?" என்றான் நண்பன்.

அவனை ஒரு வண்டி முன்னால் நிறுத்தினேன். பாழடைந்த பிக்-அப். கதவெல்லாம் துரு. நிஜத் துரு மாதிரியே பெயின்ட் உரிந்து நிற்கிறது. செய்தவர் ஒரு தபால் ஊழியர். ரகசியத்தைச் சொன்னார்: முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். காய்ந்ததும் தண்ணீரால் நனைத்து, அதன் மேல் சமையல் உப்பைத் தூவ வேண்டும். உப்பு காய்ந்து ஒட்டியதும் மேலே பச்சை பெயின்ட். அது காய்ந்த பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் துரு எட்டிப் பார்க்கும்!

கஷ்டம் என்னவென்றால் கணக்கு. பொம்மையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் இரண்டரை சென்டிமீட்டர். கடையில் விற்கும் ஹாலோவீன் பஞ்சை ஒட்டினால் சிலந்தி வலை போலவா இருக்கும்? கிணற்றுக் கயிறு போல இருக்கும். அதனால் ரப்பர் பசையைப் பல் குத்தும் குச்சியால் தொட்டு, இழை இழையாக இழுத்து ஒட்டுகிறார்கள். பளபள காரில் ஒரு தூசி விழுந்தால் தெரியும், துடைக்கலாம். பாழடைந்த காரில் எது செய்த அழுக்கு, எது தானாக வந்த அழுக்கு என்று நடுவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அழுக்கு வண்டிக்குத்தான் அதிக சுத்தம் வேண்டும். நடுவர்கள் வண்டியைத் தொடுவதில்லை. டார்ச் அடித்து, ஒட்டின கோடு தெரிகிறதா, பசை வழிந்திருக்கிறதா, நாலு சக்கரமும் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். ஆடிட்டருக்கு இதெல்லாம் புரியாதா? நண்பன் மெல்லக் குனிய ஆரம்பித்தான்.

மேஜைக் கோடியில் ஒரு கறுப்பு வண்டி. 1959 கேடிலாக், அமரர் ஊர்தி. பின்பக்கம் ராக்கெட் போல இறக்கைகள். மண்டை ஓடு இல்லை, வலை இல்லை, துரு இல்லை. கண்ணாடி போல பெயின்ட். பக்கத்தில் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில்.

ஒரு சின்னப் பையன் வந்து, "இதுல பேய் எங்கே?" என்றான்.

"இறக்கி விட்டுட்டு வரேன்" என்றார் பெரியவர்.

முப்பது வருஷத்துக்கு மேல் சவ அடக்கக் கம்பெனியில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். ஹெர்மன் மன்ஸ்டருக்கும் தொடரில் அதே மாதிரி கம்பெனியில்தான் வேலை என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். "அவனுக்கு என்னைவிட சம்பளம் அதிகமா இருந்திருக்கும்" என்றார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச் எடுத்து உள்ளே அடித்துக் காட்டினார்.

பின்னால் பெட்டி வைக்கும் தளம் காலி. அதில் ஏழெட்டு வெள்ளை இதழ்கள், காகிதத்தில் வெட்டியவை, எறும்புத் தலை அளவு. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், ஒன்பது மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு டிஷ்யூ பேப்பர் டப்பா. அதன் வாயிலிருந்து ஒரு தாள் பாதி வெளியே வந்திருந்தது.

"சில நாள் யாராவது முன்னால உட்கார்ந்து அழுதுகிட்டே வருவாங்க. அந்த டப்பா தீர்ந்துபோகாம பார்த்துக்கிறதும் என் வேலைதான்."

"அப்ப இது?"

"திரும்பி வர்ற வண்டி. யாரும் இல்லை."

உண்மையைச் சொல்கிறேன், அந்த மேஜையில் எனக்கு முதுகு சில்லிட்டது இந்த ஒரு வண்டியைப் பார்த்துத்தான். வௌவால் இறக்கையைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயப்படவில்லை. பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தன.

நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். முதல் பரிசு, சக்கரத்தில் பச்சை விளக்கு எரிந்த சிலந்தி டிராக்டருக்கு. வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பெரியவருக்கு மூன்றாவது கூட இல்லை. 'தலைப்போடு பொருந்தவில்லை' என்று ஒரு நடுவர் வந்து மரியாதையாகச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். ஸ்பாஞ்ச் வெட்டி வைத்த ஷூ பெட்டியில், முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று இரண்டு கையாலும் வண்டியை இறக்கினார். அவசரமே இல்லை. பழக்கப்பட்ட கைகள். மூடியைச் சாத்தி ஒரு நிமிஷம் மேலே கை வைத்திருந்தார். நண்பன், ஏனென்று தெரியாமல், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

வாசலில் ஒருவர் பழைய கிட்கள் விற்றுக்கொண்டிருந்தார். கிட் விலை முப்பது, நாற்பது டாலர். பெயின்ட், பசை, உப்புத்தாள் எல்லாம் சேர்த்தால் அதற்கு மேல். உழைப்பையும் செலவில் ஏற்றினால் எந்தப் புத்தகமும் டேலி ஆகாது. நான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நண்பன் ஒரு டிராக்-யு-லா வாங்கிவிட்டான்.

வழியெல்லாம் பேசவில்லை. பெட்டி என் மடியில். ஏதோ ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டான்:

"டேய், அவர் சொன்னது பொடி உப்பா, கல் உப்பா?"