காணிக்கை கேட்ட ஏடு

"தங்கள் மாட்சிமிகு ஆராய்ச்சியைக் கண்டு வியந்தோம். எமது பன்னாட்டு ஆய்விதழில் அதனை வெளியிடும் பேற்றினை எமக்கு நல்க வேண்டுகிறோம்."

இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது நமக்கு. அந்த நாள்வரை ஒரு வரி ஆராய்ச்சியும் நாம் வெளியிட்டதில்லை! எதைக் கண்டு வியந்தனர்? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியெனப் பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைதோறும் சொல்லிச் சென்ற பெரியாரை, வகுப்புதோறும் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுபவர் நாம். அப்படிப்பட்ட நாம், இரண்டு வரிப் புகழுரையிலே மயங்கினோம்.

கட்டுரை ஒன்று கைவசம் இருந்தது உண்மை. நாம் பணியாற்றும் பள்ளிக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். வருகின்றனர் என்பதைவிட, வந்து வந்து நின்றுவிடுகின்றனர் என்பதே பொருந்தும். ஏன் நிற்கின்றனர் என்றறிய, விடுமுறை நாட்களில் 140 வீடுகளின் படியேறினோம். முதன்மையான காரணம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றோம். கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் குடும்பத்தோடு வெளியூர் போவது, பேருந்து இல்லாமை, வீட்டிலே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பள்ளிக் கழிப்பறையின் சீர்கேடு, பிற... ஐந்து வகையாகப் பிரித்து அட்டவணை போட்டோம். அதைத்தான் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் ஏற்பு வந்தது! "இரு வல்லுநர்கள் ஆராய்ந்தனர்; மிகச் சிறப்பு என்றனர்; செயலாக்கக் கட்டணம் 2,500 ரூபாய்." செலுத்தினோம். பொன்னிற விளிம்பிட்ட சான்றிதழும் வந்தது. காலை வணக்கக் கூட்டத்திலே தலைமையாசிரியர் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாராட்டினார். கைத்தட்டல் இனித்தது; மறைப்பானேன்!

அந்தக் கட்டுரையை ஒன்பதாம் வகுப்பிலே படித்துக்காட்டினோம். அட்டவணையைக் கரும்பலகையிலும் எழுதினோம்: 46, 39, 31, 22, 14. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, 140 வீடு என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் 152 வருகிறதே!"

கூட்டிப் பார்த்தோம். 152தான். வெளியூர் வேலைக்குப் போயிருந்த பன்னிரண்டு குடும்பங்களைப் பற்றி முதலில் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் குறித்தோம். அவர்கள் திரும்பி வந்தபின் அவர்களிடமே கேட்டு மறுபடியும் குறித்தோம். ஒரே வீடு இருமுறை ஏறிவிட்டது. 46 என்று அச்சேறியது உண்மையில் 34. அப்படியானால் முதற்காரணம் வெளியூர்க் கூலிவேலை அன்று, பேருந்து இல்லாமை! கட்டுரையின் முடிவே தலைகீழாயிற்று. இரு வல்லுநர்களின் கண்ணுக்குத் தப்பியது, பதினான்கு வயதுப் பெண்ணின் கண்ணுக்குத் தப்பவில்லை. தப்புவதற்கு, அந்த வல்லுநர்கள் இருந்தால்தானே!

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நமது கட்டுரை அச்சாகிவிட்டது என்பதற்காகவே, பள்ளி மேலாண்மைக் குழுவினர் அதை ஒரு விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிவிட்டிருந்தனர். வேலைப் பருவத்திலே பிள்ளைகள் தங்க விடுதி வேண்டும் என்பது முதற்கோரிக்கை. மாலை நேரப் பேருந்து, கடைசிப் பத்திக்குப் போயிற்று. "ஆராய்ச்சி சொல்கிறது" என்று அவர்கள் எழுதிய வரியைப் படித்தபோது நமக்கு நா வறண்டது.

ஏட்டாருக்கு எழுதினோம்: தவறு எம்முடையது, திருத்தம் வெளியிடுக, அல்லது கட்டுரையைத் திரும்பப் பெற இசைக. விடை விரைந்து வந்தது. திருத்தும் வழக்கமில்லையாம். திரும்பப் பெறுவதற்குக் கட்டணம் 6,000 ரூபாயாம்! உள்ளே போக ஒரு காணிக்கை, வெளியே வர இரண்டு மடங்குக்கும் மேல் ஒரு காணிக்கை. எந்தக் கோயிலிலும் இல்லாத முறை இது.

நம்மினும் மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "எல்லாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று ஆய்விதழ்களைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, அதனால் வந்த கேடு தம்பி இது." இதை நாம் ஒப்பவில்லை. காதால் கேட்டாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்த நாட்டிலே பிறந்தவர்கள், அறிவின் கதவு திறந்தது தவறு என்று சொல்லலாமா? முதுகலை படித்த நாட்களில் அந்தப் பூட்டை நாமே கண்டோம். கட்டுரையின் தலைப்புத் தெரியும், சுருக்கம் தெரியும். உள்ளே நுழைய முப்பது டாலர், அதற்கு மேலும் கேட்கும். எழுதியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை, மதிப்பிட்டவருக்கும் இல்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களே பெரும்பொருள் கொடுத்துத் திரும்ப வாங்கின. இதை எதிர்த்தே 2002 பிப்ரவரி 14இல் புடாபெஸ்ட் அறிக்கை வெளிவந்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கட்டும், படியெடுக்கட்டும், பரப்பட்டும் என்றது. இந்திய ஒன்றிய அரசு 2024 நவம்பரில், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களுக்குச் சந்தா கட்ட ஒப்புதல் தந்தது. நல்லது. ஆனால் அந்தச் சாவி உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும்தான். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியனுக்கு இன்றும் திறந்த இதழ்களே கதி.

கேடு கதவிலே இல்லை. கல்லாப்பெட்டி இடம் மாறியதிலே இருக்கிறது. முன்னாளில் படிப்பவன் பணம் கொடுத்தான். சரக்கு மட்டமென்றால் சந்தாவை நிறுத்தினான். படிப்பவனிடம் வாங்குவதில்லை என்றானபின், பல இதழ்கள் எழுதுபவனிடம் வாங்கத் தொடங்கின. எழுதுபவனுக்கு வேண்டியது ஏற்பு. ஏற்க ஏற்க வருவாய்; மறுக்க மறுக்க இழப்பு! நேர்மையாளனுக்கும் இது சோதனைதான், வஞ்சகனுக்கோ பொற்காலம். எழுதுபவனிடமும் வாங்காமல் நடத்த முடியாதா என்றால், முடியும். பிரேசில் நாட்டிலே 1997இல் பொதுப்பணத்தில் தொடங்கப்பட்ட சியெலோ என்னும் தொகுப்பு அந்த வழியைக் காட்டியது. அதிலுள்ள இதழ்கள் பல இரு தரப்பிடமும் காசு கேட்பதில்லை.

வஞ்சகத்தின் அளவை அறிய, ஜான் பொகானன் என்னும் அறிவியல் எழுத்தாளர் செய்த சோதனையைப் பாருங்கள். குழம்புக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்த இனத்திலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று, பிழைகளை வேண்டுமென்றே நிரப்பிய கட்டுரை ஒன்றை, இல்லாத ஆசிரியர்களின் பெயரால் 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 2013இல் முடிவை வெளியிட்டார். 157 ஏற்றன, 98 மறுத்தன. மறுத்தவற்றுள் ஒன்றான பிளாஸ் ஒன் இதழ், உயிரினங்களை ஆய்வில் எவ்வாறு நடத்தினீர், அதற்குச் சான்று எங்கே என்று அறநெறிக் கேள்வியையும் கேட்டது. (பூட்டிய இதழ்களுக்கும் அதையே அனுப்பிப் பார்த்தாரா? இல்லை. ஆகையால் திறந்தவையே கெட்டவை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பகுத்தறிவாகாது.)

அடுத்தது இன்னும் சுவை. போலந்து ஆய்வாளர்கள், ஆன்னா ஓ. ஷூஸ்ட் என்றொரு அம்மையாரைக் கற்பனையிலே படைத்து, "என்னைப் பதிப்பாசிரியராக்குங்கள்" என்று 360 இதழ்களுக்கு விண்ணப்பம் அனுப்பினர். எழுத்தைச் சேர்த்துப் படித்தால், போலந்து மொழியில் அந்தப் பெயருக்கு ஏமாற்றுக்காரர் என்றே பொருள்! 48 இதழ்கள் அம்மையாருக்கு அரியணை தந்தன. 2017இல் இது வெளியானது. நமது கட்டுரையை ஆராய்ந்த அந்த இரு வல்லுநர்களும் இந்த அம்மையாரின் உறவினராகவே இருக்க வேண்டும்.

எங்கோ நடந்தவை என்று தோழர்கள் எண்ண வேண்டாம். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம், மதிப்பாய்வு குறித்தும் கட்டணம் குறித்தும் ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்து, ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது. பல்கலைக்கழக மானியக்குழு தான் ஒப்பிய பட்டியலிலிருந்தே 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. ஏன் இத்தனை முளைத்தன? முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமென்று கட்டளையிட்டால், கட்டுரைக்கடை திறக்காமல் என்ன செய்யும்? 2022இல் அந்தக் கட்டளை விதியிலிருந்து எடுக்கப்பட்டது. கடைகள் மட்டும் மூடவில்லை. பெரிய வீட்டிலும் இந்த நோய் உண்டு. விலே நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம், 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

கொலராடோவில் ஜெஃப்ரி பீல் என்னும் நூலகர் போலி இதழ்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார். பயனுள்ள பணிதான். ஆயினும் ஒருவர் விரல் நீட்டினால் போலி, நீட்டாவிட்டால் புனிதம் என்று நாம் இருந்துவிடலாமா? நாமே கேட்கத்தக்க கேள்விகள் இருக்கின்றன. 1997இல் பிரிட்டனில் இதழாசிரியர்கள் கூடி அமைத்த வெளியீட்டு அறநெறிக் குழு அவற்றை நெறிமுறைகளாகவே வகுத்து வைத்திருக்கிறது. பதிப்பாசிரியர் யார், அவர் உண்மையிலே இருக்கிறாரா? மதிப்பிடுவோர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்? கட்டணம் வாங்கும் கை, கட்டுரையை ஏற்கும் கையைத் தொடாமல் இருக்கிறதா? எழுதியவருக்குப் பணம் தந்தவர் யாரென்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறதா? ஆராயப்பட்ட மக்களின் இசைவு பெறப்பட்டதா? தவறு நேர்ந்தால், யார் திரும்பப் பெறுகிறார், ஏன் பெறுகிறார் என்ற அறிவிப்பு, கட்டுரையோடு இணைந்து, எவரும் காசின்றிப் படிக்கும்படி நிற்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றை முன்கூட்டிக் கேட்டிருந்தால் போதும், நாம் தப்பியிருப்போம்.

6,000 ரூபாயை நாம் கட்டவில்லை. அந்தக் கட்டுரை இன்றும் இணையத்திலே 152 வீடுகளோடு கிடக்கிறது, நமது பெயரைத் தாங்கியபடி. ஆனால் மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலே எழுந்து நின்று, பன்னிரண்டு வீடுகளை இருமுறை எண்ணினோம் என்று சொன்னோம். அமைதி. பிறகு ஓர் அம்மா கேட்டார்: "பஸ்ஸுதான் முதல்லேன்னு நாங்க அப்பவே சொன்னோமே, சார்?" சொல்லியிருந்தார்கள். அச்சிலே வந்ததைக் கண்டு, தாங்கள் கண்ணால் கண்டதையே ஐயுற்றுவிட்டார்கள். விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறோம். பேருந்து இன்னும் வரவில்லை.

கட்டுரையையும் திருத்தினோம். முன்பு எங்கே வந்தது, ஏன் தவறு என்பதை முன்பக்கத்திலேயே ஒளிவின்றி எழுதி, எவரிடமும் காசு வாங்காத திறந்த இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து விடை வந்தது. புகழுரை ஒரு வரியும் இல்லை, பதினொரு கேள்விகள். நான்கே வீடுள்ள குடியிருப்பின் பெயரைப் போட்டு, கழிப்பறைக் காரணத்தையும் எழுதினால், அந்தப் பெண் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடாதா என்றது ஐந்தாம் கேள்வி. முகம் சிவந்தது நமக்கு. குடியிருப்பின் பெயர்களை எடுத்துவிட்டோம். பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதியாயிற்று. எஞ்சியிருப்பது ஒன்பதாவது: "வீட்டிலே பெரியவர்களைக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியை விட்டு நின்ற பெண்களைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. பெற்றோரிடம் இசைவு வாங்கிவிட்டோம். வரும் சனிக்கிழமை முதல் வீட்டுக்குப் போகிறோம். கூட்டல் போட அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி தானே வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.