ஆச்சி வீட்டுச் சாவி

செட்டிநாட்டுக்குச் சிலர் வீடு பார்க்கப் போவார்கள்; சிலர் சாப்பாட்டுக்காகப் போவார்கள்; சிலர் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு வரப் போவார்கள். நாங்கள் இந்த மூன்றுக்காகவும்தான் புறப்பட்டோம். ஆனால் அங்கே நன்றாகப் பார்த்துவிட்டு வந்தது என்னவோ பூட்டையும் சாவியையும்தான்!

காரில் நாலு பேர். ஓட்டியவர் என் கணவர். பின்னால் என் மாமியாரும் எட்டு வயது மகளும். இவர்களைத் தவிர, முன்பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு கடிதம். 'தங்கள் வண்டியின் ஸ்டியரிங் பூட்டில் குறை இருக்கலாம். கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று கார் கம்பெனியார் எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் முன்பே கொண்டுபோய் விட்டோம். சாயங்காலமே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "எல்லாம் சரியாகிவிட்டது, ஸார்" என்றார்கள். கழுவிய காரைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தானே தோன்றும்?

புதுக்கோட்டையைத் தாண்டியதும் திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை பாறை மேல் தெரிகிறது. அதன் மதிலை ஒட்டிச் சாலையோரம் கோட்டை பைரவர் சந்நிதி. அந்த வழியே போகிற லாரியும் காரும் நின்று, கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் நகர்கின்றன. "வழித்துணைக்கு அவர்தான். நிறுத்தப்பா" என்றார் என் மாமியார். நிறுத்தினோம். மறுபடி சாவியைப் போட்டபோது அது ஒரு விநாடி முரண்டு பிடித்தது. "புதுசு இல்லையா, பழகணும்" என்றார் என் கணவர். புது மருமகளைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பகல் சாப்பாட்டு வேளைக்குக் கானாடுகாத்தான் வந்து சேர்ந்தோம். செட்டிநாடு என்று சொல்லப்படும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இது ஒன்று. 1912-இல் கட்டிய செட்டிநாட்டு அரண்மனை இங்கேதான் இருக்கிறது. நாங்கள் தங்கியது அரண்மனையில் அல்ல. என் மாமியாரோடு படித்த ஓர் ஆச்சியின் வீட்டில். ஆனால் அதையும் அரண்மனை என்றுதான் என் மகள் சொன்னாள்! முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாத் தேக்குத் தூண்கள். காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல். சுவரோ, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்பு. கையால் தடவினால் பளிங்கு போல வழுக்குகிறது.

கண்டாங்கிச் சேலையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஆச்சி எங்களை வரவேற்றார். அந்தக் கொத்தில் ஒரு சாவி என் மகளின் முழங்கை நீளம்! இரண்டாம் கட்டுக் கதவைத் திறக்க அதைப் போட்டார். திருப்பவில்லை. முதலில் கதவைத் தம் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார், பிறகு திருப்பினார். 'டக்' என்று திறந்துகொண்டது. காரைக்குடிக் கண்டாங்கியும் திண்டுக்கல் பூட்டும் 2019 ஆகஸ்டில் ஒன்றாகவே புவிசார் குறியீடு பெற்றன என்று நான் படித்ததைச் சொன்னேன். "பொருத்தம்தான். ரெண்டும் வீட்டுக்குள்ளே இருக்கிறதைக் காப்பாத்துற சாமான்" என்று ஆச்சி சிரித்தார்.

மறுநாள் காலை பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டோம். எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவி திரும்பவில்லை! ஸ்டியரிங்கும் அசையவில்லை. என் கணவர் பலம் கொண்ட மட்டும் திருகினார். நெற்றி வியர்த்ததுதான் மிச்சம். தெருவில் நாலு பேர் கூடி நாலு யோசனை சொன்னார்கள்.

ஆச்சி திண்ணையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "தம்பி, முரட்டுத்தனமாத் திருப்பாதீங்க. சாவி முறிஞ்சிரும். எங்க வீட்டுக் கதவு மாதிரி, அந்தச் சக்கரத்தை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மெதுவாத் திருப்புங்க" என்றார்.

வலப்பக்கம் இழுத்தார், ஊஹூம். இடப்பக்கம் லேசாக இழுத்துத் திருப்பினார். 'டக்'!

கூட்டம் கை தட்டாத குறை. "கிளம்பலாம், வித்தை தெரிந்துவிட்டது" என்று என் கணவர் உற்சாகமாகச் சொன்னார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. சரி செய்ததாகச் சொன்ன பூட்டுக்கு வித்தை எதற்கு? பின்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள். "காரைக்குடியிலிருந்து மெக்கானிக் வந்து பார்க்கட்டும். அப்புறம்தான் கிளம்புவது" என்று இறங்கிவிட்டேன். வண்டிக்குள் ஒரு குட்டிச் சண்டை நடந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை!

காரைக்குடி அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் வந்த மெக்கானிக் பத்துத் தடவை சாவியைப் போட்டு எடுத்தார். மூன்று தடவை சிக்கிக்கொண்டது. பிறகு நிதானமாக விளக்கினார்:

"சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் தண்டிலே இருக்கிற பள்ளத்திலே ஒரு தாழ் விழும், அம்மா. திருடன் வண்டியைத் திருப்ப முடியாமல் செய்ய அந்த ஏற்பாடு. சக்கரம் ஒரு பக்கமா அழுத்திக்கிட்டு இருந்தா தாழ் இறுகிப் போகும். ஆச்சி சொன்ன மாதிரி அழுத்தத்தை எடுத்தா விடும். அது எல்லா வண்டியிலேயும் உள்ளதுதான். ஆனா இதிலே அழுத்தம் இல்லாதபோதும் சிக்குது. தாழ் முழுசா ஏறலை. திறக்காமப் போனா தொல்லை, அவ்வளவுதான். ஓடும்போது விழுந்துட்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. "அந்தத் தாழையே கழற்றி எறிந்துவிட முடியாதா?" என்று என் கணவர் கேட்டார். "முடியும், ஸார். செய்ய மாட்டேன். கம்பெனி மாற்றின பூட்டு இது. நான் கை வைத்தால் நாளைக்கு அவங்க என்னைக் கை காட்டுவாங்க. அவங்களே எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் அந்த மனிதர். போகிறபோது சாவியைக் கையில் தூக்கிப் பார்த்தார். அதோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி, ஒரு பித்தளைப் பிள்ளையார்! "இந்தக் கனத்தையும் குறைச்சிடுங்க" என்றார்.

கார் சாவிக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே சாவி தானாக நழுவித் திரும்பி எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங் கனத்துப் போகும். விபத்து நேர்ந்தால் காற்றுப்பையும் விரியாது. இதனால் 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்டது. சரி செய்யும்வரை கொத்தில் கார் சாவியைத் தவிர வேறொன்றும் மாட்டாதீர்கள் என்று கம்பெனியே எச்சரித்தது.

அதே கம்பெனி 2004-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்வெட் கார்களை ஸ்டியரிங் பூட்டுக்காகவே திரும்ப அழைத்தது. பூட்டு விடுபடாமலே வண்டி நகரக்கூடும் என்பது அப்போதைய பயம். ஆகவே திரும்ப அழைப்பது வெட்கக்கேடு அல்ல. அழைத்த பிறகு அரைகுறையாகச் செய்து அனுப்புவதுதான் தவறு.

நம் நாட்டில் 2012 முதல் கார் கம்பெனிகள் தாமாகவே முன்வந்து இப்படி அழைத்து வந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விதிகளும் வந்துவிட்டன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அவற்றைத் திரும்ப அழைக்கும்படி அரசாங்கமே உத்தரவிடலாம். பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. நாமும் 'வாகன்' இணையதளத்தில் புகார் செய்யலாம்.

நாங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் மெக்கானிக் சொன்னதையும், பத்துக்கு மூன்று தடவை சிக்கியதையும் தேதியோடு குறிப்பிட்டோம். இரண்டாம் நாள் லாரி ஒன்று வந்து காரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளையார்பட்டிக்கு வாடகைக் காரில் போய் வந்தோம். ஊருக்குப் புறப்படும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். "பூட்டை வாங்குறப்போ கடையிலேயே பத்துத் தடவை திறந்து பார்க்கணும் ஆத்தா. கடைக்காரன் சொல்லு வேறே, சாவி சொல்லு வேறே" என்றார்.

மறுநாள் விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை வந்தோம். பத்து நாளில் கார் தயாராகிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை கழுவித் துடைத்த அழகைப் பார்த்து நான் மயங்கவில்லை. அவர்கள் முன்னாலேயே இருபது தடவை பூட்டித் திறந்து பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அப்புறம்தான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கார் சாவி ஒற்றையாக ஆணியில் தொங்குகிறது. மற்றச் சாவிகளெல்லாம்? என் மாமியார் இடுப்பில்! பித்தளைப் பிள்ளையார் மட்டும் பூஜை அலமாரிக்குப் போய்விட்டார்.