மணிக்குட்டி கத்தினது பசியில இல்லை

எங்க வீட்டு கினிப்பன்றிக்கு மணிக்குட்டின்னு பேரு. கீரைக் கவர் சரசரத்தாலே கீச்சுன்னு கூப்பாடு போடும். அதனால அது அடிக்கடி கத்தினப்போவும் பசின்னுதான் நினைச்சேன். புறவாசல் முருங்கையை ஒடிச்சு இன்னும் கொஞ்சம் போட்டேன். மகதான் சொன்னா: "யப்பா, ஒண்ணுக்குப் போகும்போது மட்டுந்தான் கத்துது."

இந்த ஜீவனுக்கு மிச்ச கால்சியம் மூத்திரத்துலதான் கழியும். அதனால கலங்கலா இருக்கதும், காஞ்சா வெள்ளைப் பொடி நிக்கதும் சகஜம், பயப்படாண்டாம். விரல்ல தேச்சா மணலா நெருடினாலோ, கூன் போட்டு உக்காந்து சொட்டுச் சொட்டா விட்டாலோ, பின்பக்கம் எப்பவும் நனைஞ்சிருந்தாலோ விடக்கூடாது. பீட்ரூட் தின்னாலும் மூத்திரம் சிவக்கும்தான், ஆனா ரத்தமா இல்லையான்னு நாம தீர்ப்பு எழுதக்கூடாது. மூத்திரமே வரலேன்னா அன்னைக்கே ஓடணும்.

எக்ஸ்ரேயில பாசிப்பயறு அளவுல கல். "முருங்கையை மட்டும் குத்தம் சொல்ல முடியாது சார், ஆனா தினமும் வேண்டாம்"னார் டாக்டர். 100 கிராம் முருங்கைக்கீரையில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. எங்க அம்மை மூட்டுவலிக்குத் தின்கதும் அதே கீரைதான், கேட்டேளா :-)

வீட்டுல கிடந்த அமாக்சிசிலினைக் கரைச்சுக் குடுக்க இருந்தேன். பென்சிலின் வகை மருந்து வாய் வழியா போனா கினிப்பன்றி குடல் கெட்டு செத்தே போகுமாம். நல்லவேளை கேட்டேன்.

ஆபரேஷன் பண்ணிக் கல்லை எடுத்தாச்சு. திரும்ப வரவும் வாய்ப்புண்டு. இப்போ காஞ்ச புல்லு, அருகம்புல்லு, வைட்டமின் சி-க்கு ஒரு துண்டு கொய்யா. மக தினமும் கூண்டுல வெள்ளைத்துணி விரிக்கா. நேத்து ராத்திரி மணிக்குட்டி கத்திச்சு, ரெண்டு பேரும் விழுந்தடிச்சு ஓடினோம். துணி சுத்தமா இருந்துது. கொய்யாதான் தீர்ந்திருந்துது.